படகின் காலில் ஒரு சொட்டு

தம்பி படகு வாங்கப்போகிறான் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. சூரமங்கலத்தில் ரயில்வே ஆபீசில் உட்கார்ந்து மத்தியானச் சோறு தின்றுகொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்துக்குத் தண்ணீர் என்றால் பூமிக்கு அடியில் கிடப்பது. அதைத் தேடி ஓட்டை போடுவதுதான் தம்பியின் தொழில். போர்வெல் ரிக் வண்டியோடு ஆந்திரா, சத்தீஸ்கர் என்று வருஷத்தில் பாதிக்குமேல் வெளியே கிடந்தவன். தண்ணீரின் மேல் மிதந்து பிழைப்பதைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. நீச்சலே தோட்டத்துக் கிணற்றில் கற்றதுதான்.

"எதுக்குடா உனக்கு இந்த வேல?" என்று போனிலேயே கேட்டேன்.

"தெனமும் ராத்திரி ஊட்டுல படுக்கோணும்க்கா. அதுக்கு ஏத்த தொழிலு எனக்கு இதுதான் கெடச்சுது" என்றான்.

அதற்குமேல் நான் கிண்டல் செய்யவில்லை. யாரை நினைத்து அப்படிச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். அவன் பெண்டாட்டி அப்போது காவிரிக்கு அக்கரையில், ஈரோட்டுப் பக்கம், தன் அப்பா வீட்டில் இருந்தாள். போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரே மகள் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். இவன் இக்கரையில் ஒண்டியாகச் சோறு பொங்கித் தின்றுகொண்டிருந்தான்.

அவர்கள் சண்டை போட்டுப் பிரியவில்லை. சண்டை என்றால் நான் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் நாலு கேள்வி கேட்டுச் சேர்த்து வைத்திருப்பேன். எனக்கு அது கைவந்த கலை. இது வேறு. தம்பிக்கு வாய் திறந்தால் வருவது ஒரே ஒரு சொல்: சமாளிச்சுக்கலாம். ரிக் தொழிலில் காட்டுக்குள் வண்டி நின்றால் ஸ்பேர் கிடைக்காது. கம்பியைக் கட்டி, டேப்பைச் சுற்றி, எதையாவது அடைத்து ஓட்டியாக வேண்டும். அங்கே அது கெட்டிக்காரத்தனம். வீட்டுக்கு வந்தும் அவன் அதையே செய்தான்.

ஒரு தை மாசம் இருவரும் நாமகிரிப்பேட்டையில் ஒரு காதுகுத்துக்குப் பழைய பிக்கப் வண்டியில் புறப்பட்டிருக்கிறார்கள். ஏறும்போது டயரின் உள்பக்கம் ஈரமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இங்க என்னமோ ஒழுகுதுங்க" என்று அவள் சொன்னாள். பிரேக் ஆயில். "ரெண்டு சொட்டுதான, சமாளிச்சுக்கலாம், வந்து பாத்துக்கறேன் ஏறு" என்றான் இவன். நாமகிரிப்பேட்டைக்கு முன்னால் ஓர் இறக்கத்தில் பிரேக் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. வண்டி ஒரு மஞ்சள் காட்டுக்குள் இறங்கி வரப்பில் முட்டிச் சாய்ந்தது. இவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவளுக்கு இடது முழங்கை உடைந்தது. கட்டுப்போட்டு, பிளேட் வைத்து, எல்லாம் செய்தும் அந்தக் கை இன்றுவரை முழுசாக நீளாது.

அன்றைக்கும் அவள் போகவில்லை. கையோடு இரண்டு வருஷம் குடும்பம் நடத்தினாள். ஒருநாள் சமையலறையில் காஸ் டியூபில் கறுப்பு டேப் சுற்றியிருப்பதைப் பார்த்திருக்கிறாள். "இது என்னுங்க?" என்றதற்கு, "சின்ன வெடிப்பு, நானே சமாளிச்சுட்டேன்" என்றானாம் இவன் பெருமையாக. அவள் அடுப்பை அணைத்து, சிலிண்டரை மூடி, மறுநாள் காலை பஸ்ஸில் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்குப் போன் செய்து, "நங்கை, உங்க தம்பி மேல எனக்குக் கோவமில்லீங்க. பயமா இருக்குதுங்க" என்றாள். எங்கள் பக்கம் நாத்தனாரை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். கோபத்துக்குத்தான் என்னிடம் பதில் உண்டு.

ரிக்கில் இருந்த தன் பங்கை விட்டுவிட்டு, தம்பி கேரளாவிலிருந்து அந்தப் பழைய பைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். கதவணைக்கு மேலே காவிரி அகலமாகத் தேங்கி நிற்கும் இடத்தில் வீடும் ஒரு தகரக் கொட்டகையும் பிடித்தான். இக்கரையிலிருந்து அக்கரைக்குப் பாலம் வழியாகப் போனால் ஊரையெல்லாம் சுற்ற வேண்டும். படகில் போனால் வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் கரை வந்துவிடும். மில்லுக்குப் போகிறவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் என்று ஆள் கிடைக்கும் இடம்தான். அனுமதியெல்லாம் ஒழுங்காக வாங்கிவிட்டான்.

அக்கரைக்குச் சேதி போனது. அவளிடமிருந்து ஒரே பதில்: விஜயதசமி அன்று காலை நல்ல நேரத்தில் அக்கரைப் படித்துறைக்கு அப்பாவோடு வந்து நிற்கிறேன். அந்தப் படகிலேயே என்னைக் கூட்டிப் போகட்டும். ஏறிப் பார்க்கிறேன். இருப்பதா, திரும்புவதா என்று அப்புறம் சொல்கிறேன்.

இதைக் கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆயுத பூஜை அன்று காலையிலேயே முதல் பஸ்ஸைப் பிடித்துத் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

போனால், என் தம்பி, பெரிய துரை, படகின் பின்னால் குப்புறப் படுத்துக் கிடக்கிறார். படகு டிரெய்லரின் மேல் நிற்கிறது. பின்பக்கத்திலிருந்து ஒரு கால் தொங்குகிறது. அதற்கு ஸ்டெர்ன்டிரைவ் என்று பெயர் சொன்னான். எஞ்சின் படகுக்குள்ளே கார் எஞ்சின் மாதிரி உட்கார்ந்திருக்கும். அதன் ஓட்டத்தைப் பல்சக்கரங்கள் வழியாகத் தண்ணீருக்குள் இறக்கி, நுனியில் உள்ள விசிறியைச் சுற்றவைப்பது இந்தக் கால். பல்சக்கரம் இருந்தால் கியர் ஆயில் இருக்கும். கியர் ஆயில் இருந்தால் எங்கள் ஆள் ஆயுத பூஜைக்கு அதை மாற்றாமல் விடமாட்டான்.

இது ரிக் பட்டறையில் பழகிய வழக்கம். ஆயுத பூஜைக்கு எல்லா வண்டியிலும் பழைய ஆயிலை இறக்கிவிடுவார்கள். இரவு முழுக்க வடியட்டும் என்று அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றி அப்படியே திறந்து வைப்பார்கள். கழற்றிய போல்ட்டுகள், ஸ்பேனர்கள் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் தாம்பாளத்துக்குப் போய்விடும். மறுநாள் மறுபூஜை முடியும்வரை அவற்றை யாரும் தொடக்கூடாது. விஜயதசமி காலையில் சாமியிடமிருந்து எடுத்து மாட்டி, புது ஆயில் ஊற்றி, வண்டியைக் கிளப்பினால் அந்த வருஷம் நன்றாக ஓடும். இந்த நம்பிக்கையைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எங்கள் அப்பா நாமக்கல்லில் லாரி ஸ்பேரும் ஆயிலும் விற்றவர். கல்யாணம் ஆகும்வரை கல்லாவில் உட்கார்ந்தது நான்தான். அந்த வாரத்தில்தான் எங்கள் கடையில் ஆயில் அதிகம் போகும்.

"நாளைக்கு அவ வர்றா, இன்னிக்குப் போயி இதக் கழட்டிப் போட்டுட்டுக் கெடக்கறயேடா! கூறு இருக்குதா உனக்கு?" என்று கத்தினேன்.

"அவ வர்றதுனாலதான்க்கா கழட்டறேன். பழைய ஆயிலு எப்பிடி இருக்குதுன்னு பாக்காம அவள எப்பிடி ஏத்தறது?"

காபி போடப் போனேன்.

அடியில் ஒரு போல்ட், மேலே பக்கவாட்டில் ஒரு போல்ட். அடியில் இருப்பதைக் கழற்றினால் ஆயில் மெதுவாக இழுத்துக்கொண்டு வரும். மேலே இருப்பதையும் திறந்தால் காற்றுப் புகுந்து வேகமாக இறங்கும். கீழே பேசினை வைத்துவிட்டு இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பால் காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். கறுப்பாக, கட்டியாக, நல்ல கெட்ட நாற்றத்தோடு வந்தது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். இரும்புத் தூள் இல்லை. பழைய ஆயில்தான், ஆனால் யோக்கியமான ஆயில். கேரளாக்காரன் ஏமாற்றவில்லை.

"பாத்தயா!" என்றான் தம்பி. அவன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

சாயங்காலம் பூஜை. படகைக் கழுவித் துடைத்து, பட்டை பட்டையாக விபூதி பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் ஒரு செவ்வந்தி மாலையும் போட்டாயிற்று. லாரிக்கு என்றால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். படகுக்கு எங்கே வைப்பது என்று தம்பி தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "விசிறிக்கு நடுவுல வெச்சுப் பாரேன், ஜூஸ் கெடைக்கும்" என்றேன். முறைத்தான். கடைசியில் டிரெய்லர் டயருக்கு அடியிலேயே வைத்துவிட்டான். ஸ்டீயரிங்குக்குப் பொட்டு, எஞ்சின் மூடிக்குப் பொட்டு, புது ஆயில் டப்பாவுக்குப் பொட்டு, பம்ப்புக்குப் பொட்டு. என் கைப்பையையும் வைக்கச் சொன்னான். அதில் ஆபீஸ் சாவி இருக்கிறது, அதற்கும் வேலை இருக்கிறதாம்.

காலிலிருந்து கழற்றிய இரண்டு போல்ட்டுகளையும் பெட்ரோலில் கழுவி, புது வாஷர்கூடப் போட்டுத் தயாராக வைத்திருந்தான். போல்ட்டின் தலை தட்டையானது. அதைத் தலைகீழாகத் தாம்பாளத்தில் நிறுத்தினால் திருகுமரை மேலே பார்த்துக்கொண்டு ஜம்மென்று நிற்கிறது. அதன் உச்சியில் பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை விரலால் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தான். சின்னச் சாமி மாதிரிதான் இருந்தது. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் மறுபூஜை. கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்துவிட்டுத் தம்பி போல்ட்டை எடுத்தான். வைத்த பொட்டை அன்றைக்கு அழிக்க மாட்டார்கள். அது எங்கள் பட்டறைகளில் எல்லாரும் அறிந்த விஷயம். மரையில் காய்ந்திருந்த சந்தனத்தோடேயே எடுத்துக்கொண்டு போனான். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

ஆயில் ஊற்றுவதில் எங்களுக்குள் ஒரு தகராறு. லாரியின் பின் ஆக்சிலில் ஆயிலை மேலே இருக்கும் ஓட்டை வழியாகத்தான் ஊற்றுவோம். இவனோ அடி ஓட்டையில் பம்ப்பின் குழாயைச் செருகி, கீழிருந்து மேலே ஏற்றுகிறான்.

"கீழயிருந்து ஊத்தறத எங்கடா பாத்த? எங்கப்பா கடைல இத்தன வருசம் ஒக்காந்த எனக்குத் தெரியாதா?"

"எனக்கும் அவருதான்க்கா அப்பா. போன்ல வீடியோ பாத்தேன். மேலயிருந்து ஊத்துனா உள்ளார காத்து மாட்டிக்கும், ரொம்பீருச்சுன்னு நெனச்சுக்குவோம். கீழயிருந்து ஏத்துனா காத்தெல்லாம் மேல போயிரும்."

அழுத்தி அழுத்திப் பம்ப் அடித்தான். கடைசியில் மேல் ஓட்டையிலிருந்து காற்றுக் குமிழியாக முட்டையிட்டுக்கொண்டு ஆயில் எட்டிப் பார்த்தது. முட்டை நின்று சுத்தமாக வழியத் தொடங்கியதும் முதலில் மேல் போல்ட்டை இறுக்கினான். அப்புறம் குழாயைப் பிடுங்கிய கையோடு அடி போல்ட்டை மாட்டினான். மேலே அடைத்துவிட்டதால் அந்த இடைவெளியில் ஆயில் அவ்வளவாகக் கொட்டவில்லை. எனக்கு வயிற்றெரிச்சல்தான், ஆனாலும் காரியம் சுத்தமாக இருந்தது. காலைத் துணியால் துடைத்து, கைகழுவி, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தான். டிராக்டர்காரர் டிரெய்லரை ஆற்றுக்குள் இறக்கித் தர வந்து நின்றார்.

அக்கரையிலிருந்து போன். மாமனாரும் அவளும் படித்துறைக்கு வந்துவிட்டார்களாம். நல்ல நேரம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறப்போனவன், எதற்கோ கடைசியாக ஒருமுறை காலின் அடியைப் பார்த்தான். சிமெண்டுத் தரையில் ஒரு சொட்டு. மஞ்சளும் சிவப்பும் கலந்த ஒரு சொட்டு ஆயில். துணியால் துடைத்தான். குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். நானும் சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். அடி போல்ட்டின் விளிம்பில் மெல்ல ஈரம் கட்டி, திரண்டு, இன்னொன்று விழுந்தது.

ஸ்பேனரைப் போட்டு இறுக்கினான். நிற்கவில்லை.

அப்போதுதான் இரண்டு பேருக்கும் விளங்கியது. தலைகீழாக நின்ற போல்ட்டில் வைத்த சந்தனம் இரவெல்லாம் மரை வழியாகக் கீழே வடிந்து, வாஷரின் மேல் வளையமாகத் தேங்கிக் காய்ந்துவிட்டது. அந்தக் காய்ந்த சந்தனத்தோடேயே இறுக்கியிருக்கிறான். வாஷர் உட்காரவில்லை. பொட்டு வைத்த போல்ட்டுகளை இப்படி எத்தனையோ வருஷம் ரிக்கிலும் லாரியிலும் மாட்டியிருப்பான். அங்கே ஒன்றிரண்டு சொட்டு ஒழுகினால் யார் கவனித்தார்கள்? ஒழுகினால்தான் உள்ளே ஆயில் இருக்கிறது என்று அர்த்தம் என்று எங்கள் கடைக்கு வரும் டிரைவர்கள் கேலி பேசுவார்கள். தண்ணீருக்குள் இருக்கும் காலில் அந்தக் கேலி செல்லாது. ஆயில் வெளியே வருகிற வழியில் தண்ணீர் உள்ளே போகும்.

ஆனால் அது உடனே நடந்துவிடாது. அதுவும் எனக்குத் தெரியும். அக்கரைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு பல்லும் தேய்ந்துவிடாது. மறுபடி கழற்றினால் ஆயில் முழுக்க வடிய வேண்டும், திரும்ப ஏற்ற வேண்டும், நல்ல நேரம் போய்விடும். மாமனாரோ நேரம் காலம் பார்க்காமல் மஞ்சள்கூட விற்காதவர். மகளை நல்ல நேரத்தில் அனுப்பவில்லை என்றால் அனுப்பவே மாட்டார். ஒரு வருஷமாகத் தம்பி தின்ற தனிச்சோறு என் கண்முன்னால் வந்தது.

"டேய் தம்பி, எந்திரி. ஒரு சொட்டுதான? போயி அவளக் கூட்டிட்டு வந்துரு சாமி. வந்து பாத்துக்கலாம். சமாளிச்சுக்கலாம்டா" என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது.

தம்பி குனிந்தபடியே இருந்தான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா, நீ வேற எது வேண்ணாலும் சொல்லு. அத மட்டும் சொல்லாத" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. போனை எடுத்து மாமனாரைக் கூப்பிட்டான்.

"மாமா, நாந்தானுங்க... கால்ல ஒரு சொட்டு ஒழுகுதுங்க மாமா. கழட்டி மாட்டோணும். நேரமாகுமுங்க."

அவர் குரல் எனக்கே கேட்டது. "என்ன மாப்ள வெளையாடறீங்களா? நாங்க இங்க படித்துறைல நிக்கறோம். நல்ல நேரம் போயிருச்சுன்னா அப்புறம் ராகு காலமுங்க. ஒரு சொட்டுக்குப் போயி..."

"ஆமாங்க மாமா. ஒரு சொட்டுதானுங்க. ஆனா நான் ஏத்தமாட்டனுங்க."

அந்தப் பக்கம் அவர் அதை மகளிடம் சொல்வது கேட்டது. அப்புறம், "செரி. அப்ப இன்னிக்கு வேண்டாம் உடுங்க. நாங்க ஊட்டுக்குப் போறோம்" என்று வைத்துவிட்டார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். கூடக் கொஞ்சம் திட்டவும் திட்டினேன். சந்தனம் வைத்தவனைத் திட்டினேன், படகு விற்ற கேரளாக்காரனைத் திட்டினேன், வாஷரைக் கண்டுபிடித்தவனையும் விடவில்லை. தம்பி எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் பேசினைக் கொண்டுவந்து வைத்தான்.

கியர் ஆயிலை அவசரப்படுத்த முடியாது. அது தன் இஷ்டத்துக்குத்தான் இறங்கும். புது ஆயில் தேன் நிறத்தில் நூலாக விழுந்துகொண்டே இருந்தது. விழட்டும் என்று தம்பி காத்திருந்தான். முழுக்க வடிந்ததும் போல்ட்டு இரண்டையும் பெட்ரோலில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, வெயிலில் காட்டிப் பார்த்தான். காலில் வாஷர் உட்காரும் இடத்தை நகத்தால் சுரண்டிச் சுரண்டித் துடைத்தான். மிச்சம் வைத்திருந்த இன்னொரு ஜோடி வாஷரை எடுத்து மாட்டினான். மீதமிருந்த டப்பாவிலிருந்து மறுபடி கீழிருந்து மேலே பம்ப் அடித்தான். முட்டை வந்தது, முட்டை நின்றது, மேலே இறுக்கினான், கீழே இறுக்கினான். எல்லாவற்றையும் துடைத்தான்.

அதோடு விட்டானா? அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்துவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்துகொண்டான். டிராக்டர்காரர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். நல்ல நேரம் முடிந்து ராகு காலமும் பிறந்துவிட்டது. காகிதம் வெள்ளையாகவே இருந்தது.

"செரி, எறக்கலாமுங்க" என்றான் டிராக்டர்காரரிடம்.

"யாருக்குடா இப்ப எறக்கற? அவங்கதான் போயிட்டாங்களே."

"இல்லீனாலும் ஓட்டிப் பாக்கோணும்ல? வா, நீயும் ஏறு."

ஏறினேன். சும்மா சொல்லக்கூடாது, எஞ்சின் நன்றாகவே பிடித்தது. கரையை விட்டு நகர்ந்ததும் எனக்கு உள்ளுக்குள் ஒரே அழுகை. இந்தப் பயல் ஜென்மத்தில் ஒருதரம் ஒழுங்காக நின்றான், அதற்கு இதுதானா கூலி என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆறு அகலமாக, சலனமே இல்லாமல் கிடந்தது. தம்பி அடிக்கடி வேகத்தைக் குறைத்து, படகுக்குப் பின்னால் தண்ணீரில் எண்ணெய் மினுக்கம் ஏதாவது தெரிகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை.

அக்கரைப் படித்துறை கண்ணுக்குத் தெளிவானபோது அங்கே ஒரு பச்சைச் சேலை தெரிந்தது. துணி துவைக்க வந்த யாரோ என்று நினைத்தேன். எஞ்சின் சத்தம் கொஞ்சம் இறங்கியது.

மேல்படியில் புங்கமர நிழலில் மடியில் ஒரு சின்னப் பையை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். தனியாக.

"அப்பா எங்க கண்ணு?" என்றேன், படகு படியில் முட்டுவதற்குள்.

"அவரு கோவிச்சுக்கிட்டு ஊட்டுக்குப் போயிட்டாருங்க நங்கை. நல்ல நேரம் போயிருச்சாம்."

"நீ போலயா?"

"நான் நல்ல நேரத்துக்காக வரலீங்களே" என்றாள்.

தம்பி கையை நீட்டினான். அவள் அதைப் பிடிக்காமல், பக்கத்தில் இருந்த கம்பியைப் பிடித்து ஏறி, நேராகப் பின்பக்கம் போய் எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் இவன் திரும்பித் தண்ணீரைப் பார்த்தான். அவளும் அதே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

இக்கரையில் டிராக்டர் டிரெய்லரோடு படகை மேலே இழுத்தது. காலிலிருந்து தண்ணீர் வடிந்து முடிந்தது. அவள் பையைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் போய்க் குனிந்தாள். முழுசாக நீளாத அந்த இடது கையால் அடி போல்ட்டைச் சுற்றி ஒருமுறை தடவினாள். விரலை முகர்ந்து பார்த்தாள். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். தம்பி எதிரில் நின்றுகொண்டிருந்தான். ரிக்கில் ஆயிரம் அடி போயும் தண்ணீர் வராதபோதுகூட அவன் முகம் இப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

"ஏனுங்க, டயருக்குப் பொட்டு வெச்சிருக்கீங்க, நங்கையோட கைப்பைக்குக்கூட வெச்சிருக்கீங்க. இதுக்கு மட்டும் ஏன் வெக்கலீங்க?" என்று கேட்டாள்.

"அதுக்கு வேண்டாம்" என்றான் தம்பி. "அது இறுக்கமா இருந்தாப் போதும்."

அவள் விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதை மறைக்க, வண்டியைக் கோணலாக நிறுத்தியிருக்கிறார் என்று டிராக்டர்காரரைப் பிடித்துத் திட்டினேன். பாவம், அவர் நேராகத்தான் நிறுத்தியிருந்தார்.

அவள் போனை எடுத்துத் தள்ளிப்போய் நின்றாள். ஆனாலும் எங்களுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகப் பேசினாள்.

"அப்பா, நாந்தானுங்க... ஆமாங்க, வந்து சேந்துட்டேன். என்னோட துணிப்பெட்டி ரெண்டையும் குடுத்து உடுங்க. பாலத்து வழியா காருலயே குடுத்து உடுங்கப்பா. படக நம்புனா, இந்த மனுசன் ஒரு சொட்டு ஒழுகுனாலும் ஏத்தமாட்டாருங்க."